வளைகாப்பிலேயே பேச வேண்டியதைப் பிரசவ மேசையில் கேட்கலாமா?

“பாப்பாவுக்கு இன்னும் ஆறு மாசம்கூட ஆகலடி. பீரியட்ஸே திரும்ப வரல. அப்புறம் எப்படி பாசிட்டிவ் வரும்?”

ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னோடு படித்த தோழி ஒருத்தி, ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது. ராஜபாளையத்தில் வாக்கப்பட்டவள். பிரசவத்துக்கு அம்மா வீடு வந்தாள். மூன்றாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீடு திரும்பினாள். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். முதுகலைப் பட்டம் வாங்கியவள், கையில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவள். ஒன்பது மாதமும் ஒரு செக்கப் விடாமல் போனவள். ஆனால் அந்த ஒன்பது மாதத்தில், “அடுத்த குழந்தை எப்போ வேணும்? அதுவரைக்கும் என்ன பண்ணப் போறீங்க?” என்று யாருமே அவளிடம் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் என்ன முடிவெடுத்தாள் என்பது அவள் விஷயம். ஆனால் மறுநாள் அவள் கேட்ட இன்னொரு கேள்வி நம் எல்லோருடைய விஷயமும்தான்: “ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

பீரியட்ஸ் வராமலேயே எப்படி?

முதலில் இதைத் தெளிவுபடுத்திவிடலாம். மாதவிலக்கு என்பது கருமுட்டை வெளியேறி, கரு தங்காமல் போன பிறகு வருவது. அதாவது முட்டை முதலில், ரத்தப்போக்கு பிறகு. பிரசவத்துக்குப் பின் முதல் முட்டை எப்போது வெளியேறுகிறது என்று உடம்பு முன்கூட்டியே சொல்லாது. அந்த முதல் முட்டையிலேயே கரு தங்கிவிட்டால் மாதவிலக்கு வராமலேயே அடுத்த கர்ப்பம். தாய்ப்பால் கொடுக்காத பெண்ணுக்கு நான்காவது வாரத்திலேயேகூட முட்டை வெளியேறத் தொடங்கலாம்.

“பால் கொடுத்தா கர்ப்பம் நிக்காது” என்று நம் அம்மாச்சிகள் சொன்னது முழுப் பொய் இல்லை. அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. ராத்திரி பகல் பார்க்காமல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்குப் பாதுகாப்பு. “ராத்திரி நல்லாத் தூங்கட்டும்” என்று ஒரு பாட்டில் பவுடர் பால் புகுத்துவது, வேலைக்குத் திரும்பிவிட்டதால் பகலில் எட்டு மணி நேரம் பால் கொடுக்காமல் இருப்பது, இப்படி ஒன்று கழன்றாலும் அந்தக் கணக்கு செல்லாது. ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கும், ஹெட்செட் மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே மீட்டிங்கில் உட்காரும் பெண்ணுக்கும் இந்த மூன்றாவது நிபந்தனை எத்தனை நாள் தாங்கும்? அம்மாச்சிக்கு வேலை செய்த வழி பேத்திக்கு வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் பேத்தியின் உடம்பு இல்லை, அவளுடைய நாள்பொழுது.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே குறைந்தது 24 மாதமாவது இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது ஜனத்தொகையைக் குறைக்கச் சொல்லும் கணக்கு இல்லை. இடைவெளி குறைந்தால் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் கூடுதலாக வருகின்றன. தாயின் இரும்புச்சத்து ஈடாகும் முன்பே அடுத்த கர்ப்பம் வந்துவிடுகிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில், பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். வயிற்றில் தையல் ஆறி, கர்ப்பப்பைத் தழும்பு உறுதிப்பட நேரம் வேண்டும் என்பதை இந்த இரண்டாவது எண்ணோடு சேர்த்துப் பாருங்கள்.

என்னென்ன இருக்கு?

பிரசவமான சூட்டோடு வைத்துக்கொண்டு, பல வருஷம் மறந்துவிடக்கூடிய முறைகள் இரண்டு. ஒன்று கர்ப்பப்பைக்குள் வைப்பது, மற்றது கைத்தோலுக்கு அடியில் வைப்பது.

முதலாவது காப்பர் டி. அரசு மருத்துவமனையில் இலவசம். 380ஏ என்ற வகை பத்து வருஷம், 375 என்ற வகை ஐந்து வருஷம். நஞ்சு விழுந்த பத்து நிமிடத்துக்குள் வைக்கலாம். சிசேரியன் என்றால் கர்ப்பப்பையைத் தைத்து மூடும் முன்பே வைத்துவிடலாம். தவறினால் 48 மணி நேரத்துக்குள். அதையும் தாண்டிவிட்டால் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள், நடுவில் வைப்பது நல்லதில்லை. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, கர்ப்பப்பையில் கிருமித்தொற்று இருந்தாலோ, ரத்தப்போக்கு கட்டுக்குள் வராமல் இருந்தாலோ அப்போது வைக்கவே கூடாது. இதில் ஹார்மோன் எதுவும் இல்லை. தாய்ப்பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. “காப்பர் டி நெஞ்சுக்கு ஏறிடும்” என்று ராஜபாளையத்து அவ்வா ஒருவர் எனக்கே சொல்லியிருக்கிறார். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்குப் பாதை கிடையாது. அபூர்வமாகக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்ற அளவில் நடப்பது அது.

உண்மையான குறை வேறு. பிரசவம் ஆனவுடன் வைக்கும் காப்பர் டி, ஆறு வாரம் கழித்து வைப்பதைவிட அதிகமாக நழுவி வெளியே வந்துவிடும். சாதாரணப் பிரசவத்தில் வைத்தால் பத்தில் ஒருவருக்கு நழுவலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். சிசேரியனில் இது குறைவு. நழுவியது தெரியாமலேயே “நமக்குத்தான் காப்பர் டி இருக்கே” என்று இருந்தால் கதை கந்தல். அதனால் ஆறாவது வாரம் ஒருமுறை போய் நூல் தெரிகிறதா, சாதனம் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று, முதல் சில மாதம் மாதவிலக்கு கூடுதலாகப் போகலாம். பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ள ஊரில் இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது.

இதே வடிவில், செம்புக்குப் பதிலாக லெவோநார்ஜெஸ்ட்ரெல் ஹார்மோன் கசியும் சாதனமும் உண்டு. மிரெனா என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது ரத்தப்போக்கைக் குறைக்கும். ரத்தசோகை உள்ளவர்களுக்குக் காப்பர் டியைவிடப் பொருத்தம். ஆனால் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைச் சமாச்சாரம், பர்ஸையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது இம்பிளான்ட். தீக்குச்சி நீளத்தில் மெல்லிய குச்சி ஒன்றை, மரத்துப்போக ஊசி போட்டு, மேல்கையின் உள்பக்கத் தோலுக்கு அடியில் வைப்பார்கள். மூன்று வருஷம். வார்டிலிருந்து வீட்டுக்குப் போகும் முன்பே வைத்துக்கொள்ளலாம், தாய்ப்பால் கொடுப்பவர்களும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும், சிலருக்குச் சொட்டுச் சொட்டாக நாள்கணக்கில் படும். இந்தியாவில் அரசுத் திட்டத்தில் இது மிகத் தாமதமாக, சில மாநிலங்களில் பொறுக்கியெடுத்த மாவட்டங்களில்தான் நுழைந்தது. அதனால் உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் கேட்டால் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் கேளுங்கள். கேட்காத பொருள் கடைக்கு வராது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி 2017 முதல் அரசுத் திட்டத்தில் இருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஆறு வாரம் கழித்துத்தான் போட வேண்டும். நிறுத்திய பிறகு கர்ப்பம் தரிக்க சில மாதம் கூடுதலாக ஆகலாம், அடுத்த வருஷமே இரண்டாவது வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது. மெடிக்கலில் சும்மா வாங்கிப் போடும் கலப்பு ஹார்மோன் மாத்திரைகளைப் பால் கொடுக்கும் தாய் முதல் ஆறு மாதம் தொடாமல் இருப்பதே நல்லது.

எது எவ்வளவு நம்பகம்? அமெரிக்க ஆய்வுகளை வைத்துப் போட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒரு வருஷம் ஆணுறையை மட்டும் நம்பும் நூறு பெண்களில் 13 பேர் கர்ப்பமாகிறார்கள். மாத்திரையில் 7, ஊசியில் 4. காப்பர் டியில் ஒன்றுக்கும் குறைவு. இம்பிளான்டில் ஆயிரத்துக்கு ஒருவர். மாத்திரை மோசமான மருந்து என்பதல்ல காரணம். கைக்குழந்தையோடு தூக்கம் கெட்டவள் தினமும் ஒரே நேரத்தில் மாத்திரையை ஞாபகம் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

ஒன்று எதுவுமே இல்லை, அல்லது ஆப்பரேஷன்

இத்தனை இருந்தும் தமிழ்நாடு என்ன செய்கிறது? மேலே சொன்ன அதே ஆய்வின்படி, இங்கே திருமணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள். இந்திய சராசரி 37.9 தான். காப்பர் டி போன்றவை இங்கே ஐந்து சதவீதத்தைச் சுற்றித்தான். ஆண்களின் வாசெக்டமி? 0.1 சதவீதம். ஆயிரத்துக்கு ஒருவர்.

இந்த எண்களை வேறு மாதிரி சொன்னால், முதல் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் நடுவே நம் பெண்களில் பெரும்பாலோருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. இரண்டாவது பிறந்ததும் நிரந்தரமாகப் பூட்டு. நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று வருஷத்தை ‘பார்த்து இருந்துக்கிறோம்’ என்ற வார்த்தையை வைத்தே ஓட்டுகிறோம். பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தைப் பெண்ணே தன் கட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிய மாநிலம் இது. அவர் கேட்டது பெண்ணின் விடுதலைக்காக. நமக்கு வாய்த்தது, டார்கெட்டை முடிக்கும் சாமர்த்தியம்.

ஆப்பரேஷனை நான் குறை சொல்லவில்லை. குழந்தை போதும் என்று தீர்மானித்தவருக்கு அது நல்ல வழி. ஆனால் அதை ஒரு ‘முகாம்’ ஆக்கினால் என்ன ஆகும் என்பதை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் பார்த்தோம். ஒரே நாளில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆப்பரேஷன். பதின்மூன்று பேர் செத்துப்போனார்கள். 2016-ல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்தச் சொன்னது.

“வச்சாச்சு” என்பது சம்மதம் இல்லை

நீண்டகால முறைகளுக்கு நான் முழு ஆதரவு. அதனால்தான் அடுத்து வருவதைக் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன்.

பிரசவத்துக்குப் பின் தன்னிடம் கேட்காமலேயே காப்பர் டி வைத்துவிட்டார்கள், டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது, எடுக்கச் சொன்னால் திட்டி அனுப்பினார்கள் என்று தமிழ்நாட்டுப் பெண்கள் சொன்ன செய்திகள் கடந்த பல வருஷங்களில் திரும்பத் திரும்ப வெளிவந்திருக்கின்றன. பத்து நிமிடத்துக்குள் வைக்க வேண்டும் என்ற மருத்துவ விதி ஒருபக்கம், மாதக் கடைசியில் காட்ட வேண்டிய எண்ணிக்கை மறுபக்கம். நடுவில் வலியில் துடிக்கும் ஒருத்தி. “ஏம்மா, காப்பர் டி வச்சிருவோமா?” என்று அந்த நேரத்தில் கேட்டு, அவள் “ஏதாச்சும் பண்ணுங்க” என்று முனகினால் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

வேலைப்பளுவில் இருக்கும் செவிலியர்களை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு இஷ்டமில்லை. ஒரு ராத்திரியில் இத்தனை பிரசவம் பார்க்கும் லேபர் வார்டில் உட்கார்ந்து கவுன்சலிங் செய்ய நேரம் ஏது? தப்பு, அந்தப் பேச்சை அந்த அறைக்குத் தள்ளியதில் இருக்கிறது.

இது தார்மீகக் கேள்வி மட்டுமில்லை, நடைமுறைக் கேள்வியும்கூட. 1965-ல் இந்திய அரசு ‘லிப்பீஸ் லூப்’ என்ற பிளாஸ்டிக் சாதனத்தைப் பெரும் நம்பிக்கையோடு இறக்கியது. எண்ணிக்கைக்கு ஓடிஓடி வைத்தார்கள். ரத்தப்போக்கு, வலி என்று திரும்பி வந்த பெண்களைப் பார்க்க ஆள் இல்லை. வதந்தி ஊர் ஊராகப் பரவியது. ஓரிரு வருஷத்தில் அந்தத் திட்டமே படுத்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெரிய பொம்பளைகள் காப்பர் டியை இன்னமும் ‘லூப்பு’ என்றுதான் சொல்கிறார்கள், சொல்லும்போதே முகம் சுளிக்கிறார்கள். கேட்காமல் வைத்த ஒரு சாதனம், கேட்டு வைத்திருக்கக்கூடிய பத்துப் பேரை விரட்டும்.

அப்படியானால் எப்போது கேட்பது?

நம்ம ஊரில் அதற்கு ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. வளைகாப்பு.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டு, ஐந்து வகைச் சாதம் கட்டி, பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புகிறோம். இந்த விஷயத்தில் முடிச்சு விழுவதும் அங்கேதான். அதுவரை ராஜபாளையத்தில் பார்த்த கிராம சுகாதாரச் செவிலியர் வேறு, இனி ஸ்ரீவில்லிபுத்தூரில் பிரசவம் பார்ப்பவர் வேறு. சிக்கலான கேஸ் என்றால் விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள், அங்கே இன்னும் வேறு. புருஷன் ஒரு ஊர், பெண்டாட்டி ஒரு ஊர். முடிவெடுக்க வேண்டிய இரண்டு பேரும் ஒரே அறையில் கடைசியாக உட்கார்ந்திருப்பது பல குடும்பங்களில் அந்த வளைகாப்பு நாளில்தான்.

அரசும் அங்கன்வாடிகள் மூலமாக ‘சமுதாய வளைகாப்பு’ நடத்துகிறது. வளையல், சந்தனம், கலவை சாதம், சத்துணவு பற்றி நாலு வார்த்தை, ஒரு போட்டோ. அந்த நாலு வார்த்தையோடு ஐந்தாவதாக இதையும் சேர்த்தால் என்ன? காப்பர் டியையும் இம்பிளான்ட் மாதிரியையும் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். அன்றைக்குக் கணவன்மாரையும் கட்டாயம் அழைக்க வேண்டும். சாப்பாட்டுப் பந்திக்கு மட்டும் வந்து பைக்கில் காத்திருக்கும் பழக்கத்தை அன்றாவது விடட்டும். மாமியாருக்கும் அங்கே நாற்காலி போடுங்கள். நம் வீடுகளில் “எங்க அத்தைக்குத் தெரிஞ்சா...” என்ற பயத்தில் எடுக்காமல் போகும் முடிவுகள் ஏராளம்.

“சுப காரியத்துல போய் இதையா பேசுறது?” என்பார்கள். கேட்டிருக்கிறேன். நிறைமாதக்காரியிடம் சாதியும் நகைக்கணக்கும் பையனா பொண்ணா என்ற ஆரூடமும் பேசலாம், அவள் உடம்பைப் பற்றிப் பேசக் கூடாதா?

அவள் சொன்ன பதிலை எழுதிவைக்கவும் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் பிக்மி பதிவு உண்டு. அந்த எண் இல்லாவிட்டால் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே பாடு. ஊசி, எடை, ஹீமோகுளோபின் என எல்லாம் அதோடு போகும்போது, ‘காப்பர் டி வேண்டும்’, ‘வேண்டாம்’, ‘இன்னும் யோசிக்கிறேன்’ என்ற ஒரு வரி போகக் கூடாதா? எந்த ஊரில் பிரசவமானாலும் அந்த வரியைப் பார்த்து, “மாத்திக்கிறீங்களா?” என்று மட்டும் கேட்டால் போதும். ‘யோசிக்கிறேன்’ என்பவளை அவசரப்படுத்தவும் வேண்டாம். மறுநாள் வார்டில், பிள்ளை தூங்கும்போது கேட்கலாம், 48 மணி நேரம் இருக்கிறது.

எடுப்பதும் உரிமைதான்

“வச்ச பிறகு ஒத்துக்கலைன்னா?” என்ற கேள்விக்கு நேரான பதில் கிடைத்தால்தான் பெண்கள் துணிவார்கள். பதில் இதுதான்: பத்து வருஷம் என்பது அதிகபட்சம், தண்டனைக் காலம் இல்லை. ஒரு வருஷத்தில் வேண்டாம் என்றாலும் எடுக்கச் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. காப்பர் டி, இம்பிளான்ட் இரண்டிலுமே எடுத்தவுடன் கர்ப்பம் தரிக்கும் தன்மை திரும்பிவிடும். பிரசவத்துக்குப் பின் வைத்த காப்பர் டிக்கு வைத்தவருக்கும் வைத்துக்கொண்டவருக்கும் ஊக்கத்தொகை தரும் ஏற்பாடு மத்திய அரசுத் திட்டத்தில் இருக்கிறது. வைப்பதற்குக் காசு எண்ணும் ஒரு திட்டம், எடுக்க வந்தவரை மரியாதையாக நடத்தியதா என்பதையும் எண்ண வேண்டாமா? ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர் எடுக்கக் கேட்டார்கள், எத்தனை பேருக்கு அன்றே எடுத்துக் கொடுத்தார்கள் என்ற இரண்டு எண்ணை வெளியிட்டாலே பாதி பயம் தெளியும்.

தனியார் மருத்துவமனையில் வேறு மாதிரிச் சிக்கல். அங்கே கேட்காமல் வைப்பதைவிட, கேட்காமலே விட்டுவிடுவதுதான் நடக்கிறது. “ஆறு வாரம் கழிச்சு வாங்க, பார்த்துக்கலாம்” என்பார்கள். ஆறாவது வாரம் பிள்ளைக்குத் தடுப்பூசி ஞாபகம் இருக்கும், தன் உடம்பு ஞாபகம் இருக்காது. இதைப் படிக்கும் நீங்கள் அப்பாவாகப் போகிறவர் என்றால், தடுப்பூசிக்குப் போனில் போடும் ரிமைண்டரோடு இதையும் ஒன்று போட்டுவையுங்கள். “இதெல்லாம் லேடீஸ் மேட்டர்” என்று ஒதுங்குகிறவர் அந்த 0.1 சதவீதத்தை இன்னொருமுறை படிக்கலாம்.

என் தோழியின் தங்கைக்கு இப்போது ஆறாம் மாதம். அடுத்த மாதம் வளைகாப்பு, ராஜபாளையத்தில் மண்டபம் பிடித்திருக்கிறார்கள். போன வாரம் தோழியிடமிருந்து மறுபடியும் ஒரு வாய்ஸ் மெசேஜ்: “இந்தத் தடவ செக்கப்புக்கு மாப்பிள்ளையையும் உள்ள கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன். என்னென்ன கேக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்கேன். பத்துக் கேள்வி இருக்குடி.”